பிட்ஸ்பர்க் மேலாளர் எழுதுவது தப்பான ஆங்கிலமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வேலை மாற்றலாகி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வந்திருக்கிறார். மேலாளர் மின்னஞ்சலில் “திஸ் டாக்குமென்ட் நீட்ஸ் ரிவ்யூட்” என்று எழுதுகிறார், பக்கத்து இருக்கைக்காரர் “கேஸ் இஸ் சோ எக்ஸ்பென்சிவ் எனிமோர்” என்கிறார், மூன்றாம் வகுப்புப் பையன் பள்ளியிலிருந்து வந்து “ஐ டிட் இட் ஆன் ஆக்சிடென்ட்” என்கிறான். சொந்த மொழியையே இவர்கள் ஏன் இப்படித் தப்பாகப் பேசுகிறார்கள், பையனைத் திருத்தலாமா என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது பிழையா, வட்டார வழக்கா என்பது ஒன்று. யாருடைய ஆங்கிலத்தை நாம் பின்பற்றுவது என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவது இலக்கணத்தோடு முடிகிற விஷயம் இல்லை, அதனால் அதைக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் மொழியியல் படித்தவன். ஒஹாயோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது பல வருடமாக என் பிழைப்பு. வாக்கிய அமைப்புதான் என் பக்கம். உச்சரிப்பைப் பற்றிப் பேசும் இடங்களில் மற்றவர்களின் ஆராய்ச்சியைப் படித்துத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சு பிழையா வழக்கா என்று கண்டுபிடிக்க எங்கள் துறையில் ஒரு வழி இருக்கிறது. அப்படிப் பேசுகிறவர் எதையெல்லாம் சொல்கிறார் என்பதைவிட, எதைச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று பார்ப்போம். வாய் தவறிச் சொல்வதற்கு எல்லை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் தவறும். வழக்கு என்றால் அதற்கு வேலி இருக்கும். உங்கள் மேலாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். “தி கார் நீட்ஸ் வாஷ்ட்” என்பார் (நாம் படித்தது ‘நீட்ஸ் டு பி வாஷ்ட்’), ஆனால் “தி கார் மஸ்ட் வாஷ்ட்” என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், கேட்டாலே முகம் சுளிப்பார். அதாவது “டு பி” என்பதைச் சோம்பலில் கண்ட இடத்திலெல்லாம் விழுங்குவதில்லை. ‘நீட்’, ‘வான்ட்’, ‘லைக்’ என்ற மூன்று வினைகளுக்குப் பின்னால்தான் இது பெரும்பாலும் வரும். “தி பேபி வான்ட்ஸ் ஹெல்ட்” என்றால் குழந்தை தன்னைத் தூக்கச் சொல்கிறது, “தி கேட் லைக்ஸ் பெட்டட்” என்றால் பூனைக்குத் தடவிக் கொடுத்தால் பிடிக்கும். இதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ‘லைக்’கோடு சொல்கிறவர்கள் ‘வான்ட்’டோடும் சொல்வார்கள், ‘வான்ட்’டோடு சொல்கிறவர்கள் ‘நீட்’டோடும் சொல்வார்கள். திருப்பிப் போட்டால் வராது: ‘நீட்ஸ் வாஷ்ட்’ என்று சரளமாகச் சொல்லும் பலர் பூனை வாக்கியத்தைக் கேட்டு “அப்படியெல்லாம் யார் பேசுவார்கள்?” என்று கேட்பார்கள். இவ்வளவு ஒழுங்கு ஒரு பிழைக்கு வராது.

இது எங்கிருந்து வந்தது என்பதும் ஏறக்குறையச் சந்தேகமில்லாத விஷயம்தான். இன்றைக்கும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ‘நீட்ஸ் வாஷ்ட்’ சாதாரணப் பேச்சு. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதிக்குக் குடியேறிய பிராட்டஸ்டன்ட் மக்களின் வாரிசுகள் அடுத்த நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். நிறையப் பேர் வந்து இறங்கியது பிலடெல்பியா பக்கம். கடற்கரையை ஒட்டிய நல்ல நிலமெல்லாம் குவேக்கர்கள், ஜெர்மானியர்கள் கையில் போயிருந்தது. இவர்கள் மேற்கே மலை தாண்டி பிட்ஸ்பர்க் பக்கமும், தெற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாக அப்பலாச்சியன் மலைகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒஹாயோ, இண்டியானா என்று இன்னும் மேற்கே நகர்ந்தார்கள். ‘நீட்ஸ் வாஷ்ட்’ இன்று கேட்கும் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், அந்தக் குடியேற்றப் பாதையே தெரியும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், இதைப் பேசுகிறவர்களுக்கே இது வட்டார வழக்கு என்று தெரியாது என்பது. ஒஹாயோவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். காற்புள்ளி இடம் மாறினாலே மதிப்பெண் குறைக்கிறவர். ஒரு சீன மாணவி தன் கட்டுரையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஓரத்தில் அந்த ஆசிரியையின் அழகான கையெழுத்தில் “திஸ் பேராகிராஃப் நீட்ஸ் ரீவொர்க்ட்” என்று இருந்தது. நடுவில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதா, இல்லை தனக்குத்தான் புரியவில்லையா என்று மாணவிக்குச் சந்தேகம். ஆசிரியையிடம் கேட்டேன். “என்ன விட்டுப்போயிருக்கிறது?” என்றார். காட்டிய பிறகும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, “இதை எல்லோரும் இப்படித்தானே சொல்வார்கள்?” என்றார். உங்கள் மேலாளரும் இதே ரகம்தான். அலுவலக மின்னஞ்சலில் கூச்சமே இல்லாமல் வருவதற்குக் காரணம், அவர் மனதில் அது வீட்டுப் பேச்சு இல்லை, வெறும் ஆங்கிலம்.

‘எனிமோர்’ விஷயமும் அப்படியே. நாம் படித்த ஆங்கிலத்தில் அது எதிர்மறை வாக்கியத்திலோ கேள்வியிலோதான் வரும். பென்சில்வேனியாவில் தொடங்கி ஒஹாயோ, இண்டியானா, மிசௌரி, கான்சஸ் என்று நீளும் நடுப்பகுதியில் அதை ‘இப்பல்லாம்’ என்ற பொருளில் உடன்பாட்டு வாக்கியத்திலும் போடுவார்கள். “எனிமோர் ஐ ஜஸ்ட் ஆர்டர் ஆன்லைன்” என்று வாக்கியத்தின் தலையிலேயே வைப்பவர்களும் உண்டு. முன்பு அப்படி இல்லை, இப்போது இப்படி ஆகிவிட்டது என்கிற ஒப்பீடு அதில் எப்போதும் ஒளிந்திருக்கும். அதனால்தான் விலைவாசி, போக்குவரத்து நெரிசல், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று புலம்பும்போது அதிகம் காதில் விழும். வில்லியம் லபாவ் என்கிற பெரிய மொழியியலாளர் 1970களில் பிலடெல்பியாவில் இதை ஆராய்ந்தபோது, “அப்படி யாரும் சொல்லவே மாட்டார்கள், அர்த்தமும் புரியவில்லை” என்று அடித்துச் சொன்னவர்களே சற்று நேரத்தில் பேச்சுவாக்கில் அதையே சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். ஆக, நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒருவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நம்பத்தக்க முறை இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டால் அவரும் மறுக்கலாம், சண்டை போடாதீர்கள்.

இதற்கு நேர் எதிராக, பேசுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்து, அதைப் பெருமையாகச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற வழக்கும் உண்டு. உங்கள் ஊர் ‘யின்ஸ்’ அப்படி. முன்னிலைப் பன்மை, ‘நீங்கள் எல்லோரும்’ என்று பொருள். ‘யூ ஒன்ஸ்’ தேய்ந்து வந்தது, அதுவும் அல்ஸ்டர் சரக்குதான். அந்த ஊர்க்காரருக்கே ‘யின்ஸர்’ என்று பெயர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பரா ஜான்ஸ்டன் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1980களில் இரும்பாலைகள் மூடி, வேலை தேடி ஊர்க்காரர்கள் நாடு முழுக்கச் சிதறிய பிறகு, இந்தப் பேச்சு ஊர்ப்பற்றின் அடையாளமாகவே மாறிவிட்டது என்பது அவர் காட்டியதில் முக்கியமானது. உண்மையில் ‘யின்ஸ்’ என்று வாயால் சொல்லும் இளைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது அச்சடித்த பனியன்களுக்கு மட்டும் குறைவில்லை. ‘டவுன்டவுன்’ என்பதை ‘டான்டான்’ என்று நீட்டும் உச்சரிப்புக்கும் இதே கதிதான்.

முன்னிலைப் பன்மை என்றதும் ஒரு கிளைக்கதை, தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘தௌ’ ஒருமை, ‘யூ’ பன்மை. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கத் தொடங்கி, அது பெருகிப் பெருகி ஒருமையையே தின்றுவிட்டது. நாமும் ‘நீங்கள்’ என்ற பன்மையை மரியாதைக்கு எடுத்துக்கொண்டவர்கள்தான், ஆனால் ‘நீ’யைக் கைவிடவில்லை. மரியாதைக்குரிய ஒருவரா, பலரா என்ற குழப்பம் வரும் இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ‘நீங்கள்லாம்’, ‘நீங்க எல்லாரும்’ என்கிறோம். தென் மாநிலத்தவர் ‘யால்’ என்பது அச்சு அசலாக அதே வேலை, ‘யூ ஆல்’. நியூயார்க், பிலடெல்பியா பக்கம் ‘யூஸ்’ என்றும், நாட்டின் பெரும்பகுதியில் ‘யூ கைஸ்’ என்றும் (பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தும்தான்) அதே ஓட்டையை அடைக்கிறார்கள். பொது ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு குறையை வட்டார வழக்குகள் ஆளுக்கொரு விதமாகச் சரிசெய்திருக்கின்றன, இலக்கணப் புத்தகம்தான் இன்னும் சரிசெய்துகொள்ளவில்லை.

மற்ற ஊர்களையும் ஓட்டமாகப் பார்த்துவிடலாம். தெற்கே “ஐ மைட் குட் ஹெல்ப் யூ” என்று இரண்டு துணைவினைகளை அடுக்குவார்கள். ‘மைட்’ முன்னால் வரும், ‘குட்’ பின்னால் வரும், மாற்றிச் சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். நேரடியாக ‘முடியும்’ என்று சொல்லாமல் கொஞ்சம் பின்வாங்கி, பணிவாகச் சொல்வதற்கு அது நல்ல வசதி. பாஸ்டன் வட்டாரத்தில் நீங்கள் “எனக்குக் காபி பிடிக்கும்” என்றால் எதிராளி “சோ டோன்ட் ஐ” என்பார். கேட்க மறுப்பு மாதிரி இருக்கும், பொருள் ‘எனக்கும்தான்’. பிலடெல்பியாவில் “ஐ ஆம் டன் மை ஹோம்வொர்க்” என்று நடுவில் ‘வித்’ இல்லாமல் சொல்வார்கள். மினசோட்டா, விஸ்கான்சின், சிகாகோ பக்கம் “டு யூ வான்ட் டு கம் வித்?” என்று ‘வித்’தோடு வாக்கியம் நின்றுவிடும், யாரோடு என்பது வராது. நியூயார்க்காரர்கள் வரிசையில் நிற்பதை ‘ஆன் லைன்’ என்பார்கள், மற்றவர்களுக்கு அது ‘இன் லைன்’. லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலை எண்ணுக்கு முன்னால் ‘தி’ போட்டு ‘தி 405’ என்பார்கள், நாட்டின் மற்ற பக்கங்களில் பெரும்பாலும் வெறும் எண்தான்.

இப்படி ஒரு சொல் ஆளையே காட்டிக்கொடுத்த கதை எங்கள் துறையில் பிரசித்தம். குழந்தையைக் கடத்தியவன் எழுதிய மிரட்டல் கடிதம் ஒன்று ராஜர் ஷை என்ற மொழியியலாளரிடம் வந்தது. ‘கேன்’, ‘காப்ஸ்’, ‘டாட்டர்’ போன்ற எளிய சொற்களெல்லாம் தப்பான எழுத்தோடு இருந்தன, அவற்றைவிடக் கடினமான சொற்களோ பிழையில்லாமல் இருந்தன. படித்தவன் படிக்காதவன் மாதிரி நடிக்கிறான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதோடு, பணத்தை ‘டெவில் ஸ்ட்ரிப்’பில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போடு என்று எழுதியிருந்தான். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்தரைக்கு அந்தப் பெயர் ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்தில்தான் புழக்கம். பக்கத்திலேயே இருக்கும் கிளீவ்லாந்தில்கூட அதை ‘ட்ரீ லான்’ என்பார்கள். சந்தேகப் பட்டியலில் ஆக்ரனைச் சேர்ந்த படித்த ஆள் யாராவது உண்டா என்று ஷை கேட்டார், இருந்தார், அவர்தான் குற்றவாளி. எழுத்தைத் திட்டமிட்டுக் கெடுத்தவனுக்கு, அந்தச் சொல் ஊர்ச்சொல் என்றே தோன்றவில்லை. மேலே சொன்ன ஆசிரியைக்கு நடந்ததும் இதுவேதான்.

இனி மூன்றாவது ரகம், இங்கேதான் விஷயம் கசக்கத் தொடங்கும். கறுப்பின அமெரிக்கர்கள் பலர் “ஹி பி வொர்க்கிங்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘இஸ்’ போட வேண்டிய இடத்தில் தெரியாமல் ‘பி’ போட்டுவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், நம்மவர்களும் சேர்த்துத்தான். அப்படி இல்லை. “ஹி வொர்க்கிங்” என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான், “ஹி பி வொர்க்கிங்” என்றால் வழக்கமாகச் செய்கிறவன், இந்த நிமிடம் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். பொது ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட ‘யூஷுவலி’ என்று தனிச்சொல் போட வேண்டும், இவர்கள் வினையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம், ‘செசமே ஸ்ட்ரீட்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பொம்மைகள் இருக்கும் ஒரு படத்தைக் காட்டினார். எப்போதும் பிஸ்கட் தின்னும் குக்கி மான்ஸ்டர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது, பக்கத்தில் எல்மோ பிஸ்கட் தின்கிறது. “ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?” என்று கேட்டால், இந்த வழக்கைப் பேசும் கறுப்பினக் குழந்தைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள், வெள்ளைக் குழந்தைகள் எல்மோவைக் காட்டினார்கள். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

‘இஸ்’ஸை விடுவதிலும் கறாரான விதி உண்டு, இதையும் 1969இல் எழுதிக் காட்டியவர் லபாவ்தான். பொது ஆங்கிலத்தில் ‘ஹி இஸ்’ என்பதை எங்கெல்லாம் ‘ஹீஸ்’ என்று சுருக்க முடியுமோ, அங்கெல்லாம் இவர்கள் அதை விட்டுவிடலாம். “தட்ஸ் வேர் ஹி இஸ்” என்ற வாக்கியத்தின் கடைசியில் யாராலும் சுருக்க முடியாது, அங்கே இவர்களும் விடுவதில்லை. ‘நீட்ஸ் வாஷ்ட்’டுக்கு இருக்கிற வேலியைவிட இது நெருக்கமான வேலி. ஆனால் பலன் என்ன? மேலாளரின் ‘நீட்ஸ் ரிவ்யூட்’ யார் கண்ணையும் உறுத்தாமல் போய்விடுகிறது, ‘ஹி பி வொர்க்கிங்’ என்கிறவன் நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே கழிக்கப்படுகிறான். இலக்கணம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே யாருக்கும் பொருட்டே இல்லை, யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. இது என் தனிப்பட்ட கோபம் மட்டும் இல்லை. ஜான் பா என்ற மொழியியலாளரும் சகாக்களும் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசி செய்து பார்த்தார்கள், ஒரே ஆள் மூன்று விதப் பேச்சில். வெள்ளையர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில், கறுப்பினத்தவர் பேச்சிலும் மெக்சிக வம்சாவளியினர் பேச்சிலும் கேட்டபோது வீடு பார்க்க வரச் சொன்னவர்கள் குறைவு. 1999இல் வெளியான அந்த ஆய்வில், ‘ஹலோ’ என்ற ஒரே சொல்லை வைத்தே கேட்பவர்கள் இனத்தை அடையாளம் கண்டுவிடுகிறார்கள் என்றும் காட்டினார்கள். 2019இல் பிலடெல்பியா நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்களைச் சோதித்தார்கள். 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்றவர்கள், கறுப்பினத்தவர் பேச்சு வாக்கியங்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் பிழையில்லாமல் எழுதினார்கள். சாட்சி சொன்னது வேறு, ஏட்டில் ஏறுவது வேறு.

இந்தச் சண்டை நீதிமன்றமும் ஏறியிருக்கிறது. 1979இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரத்தில், கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கணக்கில் எடுக்காமல் படிக்கக் கற்றுக்கொடுப்பது சரியல்ல என்று நீதிபதி தீர்ப்பளித்து, ஆசிரியர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் திட்டம் போடச் சொன்னார். 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியம், கறுப்பினத்தவர் பேச்சை ‘எபானிக்ஸ்’ என்ற பெயரில் அங்கீகரித்து ஒரு தீர்மானம் போட்டு நாடே ரணகளமானது. கொச்சைப் பேச்சைப் பாடமாக்கப் போகிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம், மற்ற எல்லாப் பேச்சு வழக்குகளையும் போல இதுவும் ஒழுங்கும் விதியும் உள்ளதுதான் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. பொதுமக்களிடம் அது போய்ச் சேரவில்லை.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துவிடுகிறேன். இந்த வழக்குகளுக்கு விதி உண்டு என்பதும், அல்ஸ்டர் தொடர்பும் உறுதி. ‘ஹி பி’ எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அயர்லாந்து ஆங்கிலத்திலிருந்து என்கிறவர்கள் உண்டு, அடிமை முறைக் காலத்துக் கலப்பு மொழியிலிருந்து என்கிறவர்கள் உண்டு, பின்னால் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது வலுப்பட்டது என்கிறவர்களும் உண்டு. ‘கம் வித்’ ஜெர்மானியர் கொடையா, ஸ்காண்டிநேவியர் கொடையா என்பதும் அப்படித்தான், இரண்டு மொழிகளிலும் அதே அமைப்பு இருப்பதால் பிரித்துச் சொல்வது கஷ்டம். அப்பலாச்சியன் மலைகளில் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் அப்படியே உறைந்து கிடக்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள், அது கட்டுக்கதை. அங்கே ‘அ-ஹன்ட்டிங்’ மாதிரி பழைய வடிவங்கள் சில இருக்கின்றன, ஆனால் மற்ற எல்லா மொழியையும் போல அதுவும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. தொலைக்காட்சி வந்து எல்லோர் பேச்சையும் ஒன்றாக்கிவிட்டது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். சிகாகோ, டெட்ராய்ட், பஃபலோ போன்ற ஏரிக்கரை நகரங்களில் உயிரெழுத்துகளின் ஒலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறியது, தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் மும்முரமாகவே நடந்தது. இளையவர்களிடம்தான் இப்போது அது பின்வாங்குகிறது.

அப்புறம் உங்கள் பையன். அவன் சொல்லும் ‘ஆன் ஆக்சிடென்ட்’ ஊர் வழக்கு இல்லை, வயது வழக்கு. ‘ஆன் பர்பஸ்’ என்பதோடு ஜோடி சேர்த்து, நாடு முழுக்க இளைய தலைமுறை இப்படிச் சொல்கிறது, பெரியவர்கள் ‘பை ஆக்சிடென்ட்’ என்கிறார்கள். அவன் நாற்பது வயதாகும்போது அதுவே இலக்கணமாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. “மீ அண்ட் டைலர் வென்ட்” என்பதும் ஒரு ஊருக்கு உரியது இல்லை, எந்த மாநிலத்துப் பிள்ளைகளிடமும் கேட்கலாம். ஆனால் ‘ஷுட் ஆஃப்’ என்று அவன் எழுதினால் திருத்துங்கள். அது ‘ஷுட் ஹேவ்’ சுருங்கி ‘ஷுட்’வ்’ என்று காதில் விழுந்ததைத் தப்பாக எழுதிய எழுத்துப் பிழை, வட்டார வழக்கு என்று அதற்குச் சப்பைக்கட்டுக் கட்ட வேண்டியதில்லை. மற்றபடி பிள்ளைகள் பெற்றோரை அல்ல, கூடப் படிப்பவர்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள், நீங்கள் திருத்தித் திருத்தி அதை நிறுத்த முடியாது. இதிலும் ஒரு சுவாரசியம் உண்டு: பிலடெல்பியாவுக்கு வெளியே கிங் ஆஃப் பிரஷ்யா என்ற ஊரில் 1970களில் நடந்த ஆய்வில், வேறு மாநிலத்திலிருந்து குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள் உள்ளூர் ஒலிகள் பலவற்றைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். குறில் ‘அ’ மாதிரியான ஒரு ஒலியின் சிக்கலான பங்கீட்டை மட்டும், பெற்றோரும் பிலடெல்பியாக்காரர்களாக இருந்த பிள்ளைகளே முழுசாகப் பிடித்தார்கள். ஆக உங்கள் பையன் பிட்ஸ்பர்க்காரன் மாதிரி பேசுவான், நுணுக்கமாகக் கேட்கிறவர்களுக்கு எங்கேயோ ஒரு இடத்தில் தெரியும்.

எழுதும்போது பள்ளிக்கூட ஆங்கிலம் வேண்டும் என்பதை அவனுக்கு அவன் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும் அதைத்தான் கேட்கும். வீட்டில் “அது தப்பு” என்று சொல்வதைவிட “எழுதும்போது இப்படி எழுது” என்று சொன்னால் போதும். உங்களுக்கும் அதுவே: நீங்கள் ‘நீட்ஸ் டு பி ரிவ்யூட்’ என்று எழுதினால் மேலாளர் வித்தியாசத்தைக் கவனிக்கவே மாட்டார். ‘ஹி பி’யை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிப் பார்க்காதீர்கள். வெளியாள் வாயில் அது கேலியாகத்தான் கேட்கும், பெரும்பாலும் விதியும் தப்பிவிடும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ‘ஹூ ஆல் ஈஸ் கமிங்?’, ‘வாட் ஆல் டிட் யூ பை?’ என்று நாம் கேட்டால் ஊரில் ஆங்கில ஆசிரியர் தலையில் குட்டுவார், ‘யாரெல்லாம்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போடுகிறோம் என்று. பிட்ஸ்பர்க்கிலும் தெற்கிலும் உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் கேட்பார்கள். அவர்களுக்கு அல்ஸ்டரிலிருந்து வந்தது, நமக்கு நம் மொழியிலிருந்து வந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தாராளமாகக் கேளுங்கள்.

இனி அந்த ஊரில் காதில் விழப்போகிற சில சொற்களைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை குழம்பாமல் இருக்க. ‘ரெட் அப்’ என்றால் சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது. ‘கம்பேண்ட்’ ரப்பர் பேண்ட். ‘ஸ்லிப்பி’ என்றால் வழுக்கும், டிசம்பரில் வாசற்படியைப் பார்த்து யாராவது சொன்னால் உடனே நின்றுவிடுங்கள். ‘நெபி’ என்றால் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர். நம்மவர்கள் கூடும் விருந்துகளில், வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கிற மாமாவுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.